கடுக்கனுக்குள் நித்திலா

ஆதிநாதனின் வலது காதுக் கடுக்கனுக்குள் மிருதுளா தன் தங்கையை இறக்கிவைத்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பத்தரை மணிக்கு. எமகண்டம் முடிந்துவிட்டதா என்று அவள் பார்க்கவில்லை. பார்த்திருக்க வேண்டியவர் அவர்தான். மொத்தம் மூன்று நிமிட வேலை. அந்த மூன்று நிமிடத்துக்காக அவள் மூன்று வருடம் பல்லைக் கடித்துக்கொண்டு அந்த அலுவலகத்தில் எல்லோருக்கும் காலை வணக்கம் சொல்லியிருந்தாள்.

ஆதிநாதன் ‘லகு’ நிறுவனத்தின் முதலாளி. கோவை அவிநாசி சாலையில் ஆறு மாடிக் கண்ணாடிக் கட்டடம். அதில் விற்பது ஒரே ஒரு பொருள்தான்: ‘மௌனி’. பெண்களுக்குத் தோடு, ஆண்களுக்குக் கடுக்கன். வயிற்றுக்கும் மூளைக்கும் நடுவே ஓடும் நீளமான நரம்பின் ஒரு சின்னக் கிளை காதில் வந்து முடிகிறது. மௌனி அந்தக் கிளையைப் பிடித்துக்கொண்டு, பசி என்று வயிறு அனுப்பும் சேதியை வழியிலேயே மடக்கிவிடும். ஒரு வேளைச் சாப்பாட்டைத் தாண்டினால் காதுக்குள் மெல்லிய மணி ஒன்று அடிக்கும். சபாஷ் என்று அர்த்தம்.

ஒருவர் பசியை அடக்க வேண்டுமானால் அது எப்படிப்பட்ட பசி என்று முதலில் தெரிய வேண்டும் அல்லவா? அதனால் மௌனி போட்டுக்கொண்டவரின் உடம்பில் நடப்பதையெல்லாம் ஒன்று விடாமல் பதிந்துகொள்ளும். பசி, அருவருப்பு, பயம், வயிற்றைக் காயப்போட்ட பிறகு வரும் அந்தத் திமிர், எல்லாம். மாதம் ஒருமுறை ஆள் வந்து அதைச் சரிபார்த்துக் கூட்டிக் குறைக்க வேண்டும். கம்பெனியில் அதற்கு ‘சுருதி கூட்டுவது’ என்று பெயர். முதலாளிக்குச் சுருதி கூட்டும் வேலை மூன்றாம் வருடத்தில்தான் மிருதுளாவின் கைக்கு வந்தது.

“என்ன மிருதுளா, இன்னைக்கு ரொம்ப நேரம் எடுக்கறீங்க?” என்றார் ஆதிநாதன், கண்ணாடியில் தன் தொப்பையைப் பார்த்தபடி. நாற்பத்தாறு வயது. நல்ல சாப்பாட்டுப் பிரியர். மௌனியை ஊருக்கெல்லாம் விற்பவர் தன் கடுக்கனைப் பாதி நாள் அணைத்தே வைத்திருந்தார்.

“புதுச் சுருதிங்க சார். கொஞ்சங் கொஞ்சமா ஏறும். நாப்பத்தெட்டு நாள்ல முழுசாப் பிடிச்சுக்கும்.”

“ஒரு மண்டலமா? கோயில் பூசாரி மாதிரி சொல்றீங்களே!”

“ஆமாங்க சார். விரதம்னு வெச்சுக்கங்களேன். நடுவுல மட்டும் அணைச்சுப் போடாதீங்க.”

அவர் சிரித்தார். அவளும் சிரித்தாள்.

தங்கை நித்திலாவுக்குத் தோடு கிடைத்தது கல்லூரி முதலாண்டு விழாவில். லகு நிறுவனம் மாணவிகளுக்குப் பரிசாகக் கொடுத்தது. சின்ன நீலக்கல் வைத்து அழகாகத்தான் இருந்தது. முதலில் வெள்ளிக்கிழமை விரதம் என்றாள். அப்புறம் சனிக்கிழமையும் சேர்ந்தது. சஷ்டி, கிருத்திகை, பிரதோஷம், ஏகாதசி, சங்கடஹர சதுர்த்தி என்று காலண்டரில் இருந்த ஒவ்வொரு விசேஷமும் அவளுக்கு ஒரு சாக்கு. மிச்ச நாளில் காலேஜிலேயே சாப்பிட்டுவிட்டேன் என்பாள். அம்மாவுக்கு ஒரே பெருமை. “எம் பொண்ணு காலண்டரே பாக்காம திதி சொல்லுவா” என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள். அந்த வீட்டில் பிள்ளை பட்டினி கிடந்தால் பதறியிருப்பார்கள். சாமிக்காகப் பட்டினி கிடக்கிறாள் என்றதும் கையெடுத்துக் கும்பிட்டார்கள். மிருதுளாவும்தான் கும்பிட்டாள்.

கல்யாண வீடுகளில் சொந்தக்காரப் பெண்கள் நித்திலாவைச் சூழ்ந்துகொண்டு, உடம்பை எப்படி இப்படி வைத்திருக்கிறாய், எங்களுக்கும் சொல்லிக்கொடு என்று கேட்டார்கள். சித்திரை வெயிலில் அவள் சால்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்ததை ஒருவரும் கேட்கவில்லை. குளியலறைத் துவாரத்தில் முடி பந்து பந்தாக அடைத்தது. கைகளில் பூனைமுடி முளைத்தது. மாதவிலக்கு நின்று ஐந்து மாதமாகியிருந்ததை அவள் யாரிடமும் சொல்லவில்லை. மிருதுளா அதைக் கண்டுபிடித்து டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனபோது, அவர் ஒரு டானிக் எழுதிக்கொடுத்து, நன்றாகச் சாப்பிடச் சொல்லுங்கள் என்று அனுப்பிவிட்டார்.

நன்றாகச் சாப்பிடச் சொன்னாள் மிருதுளா. கெஞ்சினாள், கத்தினாள், “கொழுப்பெடுத்துப் போச்சுடி உனக்கு” என்று ஒருநாள் கன்னத்தில் ஒன்று வைத்தாள். எதற்கும் நித்திலாவிடம் ஒரே பதில்தான். “எனக்கு ஒண்ணுமில்லக்கா. நீங்கதான் தப்பாப் பாக்கறீங்க.”

அப்படிப் பதினாலு மாதம். பிறகு ஒரு புதன்கிழமை, அவளாகவே தோட்டைக் கழற்றி அக்காவின் உள்ளங்கையில் வைத்தாள். “பயமா இருக்குதுக்கா. ஆனா பசிக்குது. இதை எங்கிட்டத் திருப்பிக் குடுத்துறாதே” என்றாள்.

வீடே திருவிழா ஆனது. அம்மா அடுப்பை அணைக்கவே இல்லை. அரிசிம்பருப்புச் சாதத்தில் நெய்யை ஊற்றி, பால் பாயசம் வைத்து, சந்தகையைத் தேங்காய்ப்பாலில் நனைத்து, மிருதுளாதான் பக்கத்தில் உட்கார்ந்து உருட்டி உருட்டி ஊட்டினாள். மூன்று நாள் நித்திலா சாப்பிட்டாள், அழுதாள், சிரித்தாள், மறுபடி சாப்பிட்டாள். நான்காம் நாள் காலை பல் விளக்கிக்கொண்டிருந்தவள் அப்படியே சரிந்தாள். ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டும்போது உயிர் இல்லை. இதயம் நின்றுவிட்டது என்றார்கள். பத்தொன்பது வயதில் இதயம் ஏன் நிற்கிறது என்று கேட்டதற்கு ஒருவரும் நேராகப் பதில் சொல்லவில்லை.

லகு நிறுவனத்திடமிருந்து அப்பாவின் பெயருக்கு ஒரு கடிதம் வந்தது. “இறப்புக்கு நான்கு நாட்களுக்கு முன்பே மௌனி கழற்றப்பட்டுவிட்டதாகத் தெரிகிறது. ஆகவே எங்கள் பொருளுக்கும் இந்த இறப்புக்கும் தொடர்பில்லை. தங்கள் துயரத்தில் பங்கேற்கிறோம்.” கீழே ஆதிநாதனின் கையெழுத்து, மையில், வளைத்து வளைத்து.

பங்கேற்கிறாராம். மிருதுளா அந்த வரியை எத்தனை தடவை படித்தாள் என்று தெரியாது. சரி, பங்கேற்கட்டும் என்று அன்றைக்கு முடிவு செய்தாள். பாலிடெக்னிக்கில் கருவியியல் படித்தவள் அவள். கடிதம் அப்பா பெயருக்கு வந்திருந்ததால் அவளை அங்கே யாருக்கும் தெரியாது. வேலைக்கு மனுப் போட்டாள். தங்கையின் தோட்டிலிருந்த பதினாலு மாதத்தையும் நாற்பத்தெட்டு நாளாகச் சுருக்கினாள். சேதியை மடக்கத் தெரிந்த மௌனிக்கு, பதிந்த சேதியை இன்னொருவர் உடம்புக்குள் அனுப்பவும் தெரியும். சுருக்கியதை அவர் காதில் வைத்துவிட்டாள்.

முதல் வாரம் ஆதிநாதன் குஷியாக இருந்தார். “பசியே தெரியலைங்க, பிரமாதம்!” என்று அவள் கையைக் குலுக்கினார்.

இரண்டாவது வாரத்தில் பயம் வந்தது. மிருதுளா கேன்டீனில் நாலு மேசை தள்ளி உட்கார்ந்து கண்கொத்திப் பாம்பாகக் கவனித்தாள். தயிர்சாதத்தை அவர் ஏதோ கடித்துவிடும் ஜந்துவைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். தட்டு முழுவதும் அதைப் பரப்பினார். பாதியை அப்பளத்துக்குக் கீழே ஒளித்தார். பீன்ஸ் துண்டு ஒன்றை நாலாக நறுக்கி, ஒரு துண்டைப் பத்து நிமிடம் மென்றார். நித்திலா எப்படி ஒளிப்பாளோ அப்படியே, அதே இடதுகைச் சுண்டுவிரலால். மிருதுளாவுக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. அன்று அவள் இரண்டாம் முறை சோறு வாங்கிச் சாப்பிட்டாள்.

ஆனால் ஊர் அவளை ஏமாற்றியது. “சார், பத்து வயசு குறைஞ்சிட்டீங்க!” என்றார் மேலாளர். “என்ன சார் ரகசியம்?” என்று லிப்டில் பெண்கள் கேட்டார்கள். விற்பனைப் பிரிவில் அவர் படத்தைப் பெரிதாகப் போட்டு மாட்டினார்கள். அவர் வெட்கப்பட்டுச் சிரித்தார். மிருதுளாவுக்கு எரிச்சலாக வந்தது. பாவி மனுஷனைப் பழிவாங்கப் போய், அவருக்குப் பொன்னாடை போர்த்திவிட்டோமே என்று இருந்தது. தங்கையைச் சுற்றி நின்ற கல்யாண வீட்டுப் பெண்கள் எல்லோரும் வேலை கிடைத்து இந்தக் கட்டடத்துக்கு வந்துவிட்டார்கள் போலும்.

இருபதாம் நாள் அவர் அவளைத் தனியாகக் கூப்பிட்டார். அறையில் ஏசி அணைந்திருந்தது. சட்டைக்கு மேல் ஸ்வெட்டர்.

“மிருதுளா, எனக்கு என்னமோ ஆகுதுங்க. சோத்தைப் பாத்தாலே நெஞ்சு படபடங்குது. சாப்பிட்டா ஏதோ தப்புப் பண்ணின மாதிரி. சாப்பிடலைன்னா, எப்படிச் சொல்றது, ஜெயிச்ச மாதிரி இருக்குது. இதைக் கழட்டிப் பாத்துரலாங்களா?”

அவர் கேட்டார். அன்றைக்கு அவரே கேட்டார். பின்னால் எத்தனையோ தடவை மிருதுளா இந்த இடத்துக்குத் திரும்பி வர வேண்டியிருந்தது. அன்றைக்கு அவள் தயங்கவே இல்லை.

“இப்பக் கழட்டினா சுருதி கெட்டுருங்க சார். முதல்ல அப்படித்தானுங்க இருக்கும். போகப் போகச் சரியாயிரும்.”

அவர் தலையாட்டினார். நம்பினார். அவள் வெளியே வந்து, நித்தி, உனக்காகத்தான் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள்.

நாற்பதாம் நாள் ஆதிநாதனின் கன்னம் ஒட்டிப்போயிருந்தது. நாற்காலியில் தலையணை இல்லாமல் உட்கார முடியவில்லை, எலும்பு குத்தியது. சீப்பில் முடி. நகத்தில் நீலம். யாரைப் பார்த்தாலும் எரிந்து விழுந்தார், உடனே கண் கலங்கினார். தான் நீதியாகத்தான் நடக்கிறோம் என்று தனக்கே நிரூபித்துக்கொள்வதற்காக மிருதுளா கேட்டாள், “இப்ப வேணும்னா கழட்டிரலாங்களா சார்?”

இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டார். “தொடாதே! எனக்கு ஒண்ணுமில்ல. நீங்கதான் தப்பாப் பாக்கறீங்க.”

சொல்லுக்குச் சொல் அதுவேதான். மிருதுளாவுக்கு ஒரு கணம் அவரைப் பிடித்து உலுக்க வேண்டும்போல இருந்தது. பிறகு அந்தக் கடிதத்தின் கையெழுத்தை நினைத்துக்கொண்டு தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்தாள்.

நாற்பத்தாறாம் நாள், கூட்டத்தில் பேசிக்கொண்டே இருந்தவர் மேசைமேல் விழுந்தார்.

மறுநாள் காலை ஆஸ்பத்திரியிலிருந்து அலுவலகத்துக்குப் போன் வந்தது. மௌனியைப் பற்றித் தெரிந்த ஆள் ஒருவர் வேண்டும், கழற்றுவதற்கு. மிருதுளா நானே போகிறேன் என்று எழுந்தாள். கல்யாணத்துக்குக் கிளம்புவதுபோலத் தலைவாரிப் பூவைத்துக்கொண்டு போனாள். அவர் சாவதைப் பக்கத்திலிருந்து பார்க்க அவளைவிட உரிமை யாருக்கு?

டாக்டர் மெஹருன்னிசா ஐம்பது வயதுக்காரர். நேராகப் பேசுகிறவர். அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மிருதுளா கடுக்கனைக் கழற்றிக் கிண்ணத்தில் போட்டாள். ஆதிநாதன் கண்ணைத் திறக்கவில்லை. கட்டிலில் போர்வைக்குக் கீழே ஆள் இருப்பதே தெரியவில்லை. கையில் சொட்டுமருந்து ஏறிக்கொண்டிருந்தது.

வராந்தாவுக்கு வந்ததும் மிருதுளா கேட்டாள், “வேணும்னேதானுங்களே டாக்டர் இவர் சாப்பிடாம இருந்தாரு? திமிருதானுங்களே?”

“திமிரா?” டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “காமாலை வந்தவங்களைப் பார்த்து, ஏன் திமிர் எடுத்து மஞ்சளா இருக்கேன்னு கேப்பீங்களா? இது நோய்ம்மா. மனசுலயும் உடம்புலயும் சேர்ந்து வர்ற நோய். அழகுக்காகப் பட்டினி கிடக்கறாங்கன்னு ஊரு நினைச்சுக்குது. உள்ள இருக்கறவங்களுக்கு அது பயம். தண்ணியில தள்ளிவிட்டா எப்படிப் பயப்படுவோமோ அப்படிச் சோத்தைப் பார்த்துப் பயம். ஆம்பளைக்கும் வரும், பொம்பளைக்கும் வரும். ஒல்லியா இருக்கறவங்களுக்கு மட்டும்தான் வரும்னும் இல்ல.”

“யாராலங்க வருது? வீட்டாலயா?”

“யாரையும் கை காட்ட முடியாது. பிறவியிலயே கொஞ்சம் இருக்கும், சுபாவத்துல கொஞ்சம், ஊர் பேசற பேச்சுல கொஞ்சம். இந்த மாதிரி ஒரு கருவி மேல வந்து விழுந்தா பத்திக்கும். திட்டினா போகாது, அடிச்சாலும் போகாது. முதல்லயே கண்டுபிடிச்சுப் பக்குவமாப் பாத்தா நிறையப் பேர் நல்லா ஆயிருக்காங்க. என்கிட்ட வந்து பிழைச்சுப் போனவங்க எத்தனையோ பேர்.”

மிருதுளா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிழைச்சுப் போனவங்க என்ற சொல் அவளுக்குப் பிடிக்கவில்லை.

“இப்பக் கடுக்கனைக் கழட்டியாச்சு. இனிப் பசி வந்துருமில்லீங்களா? வயிறு நிறையச் சாப்பிட்டா எந்திரிச்சு உக்காந்துருவாரு.” அதைக் கசப்போடுதான் சொன்னாள். ஆள் பிழைத்துவிடுவாரோ என்ற கவலை அவளுக்கு.

“ஐயோ, அதுதான் ஆபத்து!” என்றார் டாக்டர். “பல நாளாப் பட்டினி கிடந்த உடம்பு தன்னோட சதையையே தின்னுட்டு ஓடிட்டு இருக்கு. ரத்தத்துல இருக்க வேண்டிய உப்புச் சத்தெல்லாம் அடிமட்டத்துல இருக்கு. அப்பப் போய் நெய்யும் சோறும் இனிப்புமா உள்ள தள்ளினா, அதைச் செரிக்கறதுக்கு உடம்பு மிச்சம் மீதி இருக்கற பாஸ்பரஸ், பொட்டாசியம் எல்லாத்தையும் ஒரேயடியா உறிஞ்சிக்கும். இதயத்துக்கு ஒண்ணும் மிஞ்சாது. நின்னுரும். தினமும் ரத்தம் எடுத்துப் பார்த்து, கொஞ்சம் கொஞ்சமா, பத்து நாள் பதினஞ்சு நாள் ஆகும் ஏத்தறதுக்கு.”

“எத்தனை… எத்தனை நாள்ல நிக்குமுங்க?”

“ரெண்டாம் நாளோ, மூணாம் நாளோ, நாலாம் நாளோ. வீட்ல எல்லாரும் புள்ள சாப்பிடுதுன்னு சந்தோஷமா இருப்பாங்க. அப்பத்தான் போகும். அதான் கொடுமை.”

வராந்தாவில் யாரோ சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போனார்கள். மிருதுளா ஒதுங்கி வழிவிட்டாள்.

“இது யாருக்கும் தெரியாதுங்களா?” என்று கேட்டது தன் குரல்தானா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது.

“மௌனிக்குக் கையேடு எழுதினப்ப என்னைத்தான் கூப்பிட்டாங்க. பதினேழாம் பக்கத்துல இதை எழுதிக் குடுத்தேன். கழட்டினதும் வீட்ல வெச்சுச் சோறு போடாதீங்க, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வாங்கன்னு. அச்சாகி வந்தப்ப அந்தப் பக்கத்துல என்னென்ன கலர்ல தோடு கிடைக்கும்னு படம் போட்டிருந்துச்சு. படிச்சா ஜனங்க பயந்துருவாங்களாம். அதை எடுக்கச் சொல்லிக் கையெழுத்துப் போட்டவர்தான் உள்ள படுத்திருக்கார்.” டாக்டரின் போன் அடித்தது. “நான் கீழ ஒரு கேஸைப் பாத்துட்டு வந்துடறேன். இவர் சம்சாரம் வந்தா இருக்கச் சொல்லுங்க, நானே விவரமாச் சொல்லணும்.”

மிருதுளா வராந்தா மூலையிலிருந்த குழாயைத் திறந்து வலது கையைக் கழுவினாள். எவ்வளவு நேரம் கழுவினாள் என்று தெரியவில்லை. உருட்டி உருட்டி ஊட்டிய கை. போதும்க்கா என்று நித்திலா சொன்னபோதெல்லாம் இன்னும் ஒரு வாய், இன்னும் ஒரே ஒரு வாய் என்ற கை. மூன்று வருடமாக அவள் கொலைகாரனைத் தேடிய அழகை நினைத்தால் சிரிப்பாக வந்தது. அழுகையும் வந்தது. பிறகு இரண்டையும் தள்ளிவிட்டுப் பழைய கோபமே முன்னால் வந்து நின்றது, முன்னைவிட நூறு மடங்காக. ஒரு பக்கம். ஒரே ஒரு பக்கத்தை அச்சடித்திருந்தால் அவள் அன்றைக்கு அந்த நெய்ச்சோற்றைத் தொட்டிருப்பாளா?

அவள் அறைக்குள் போனாள். ஆதிநாதன் கண் விழித்திருந்தார்.

“சார்,” என்றாள், “கையேட்டுல பதினேழாம் பக்கம் ஞாபகம் இருக்குங்களா?”

“என்ன பக்கம்?” உதடு காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது. “பசிக்குதுங்க மிருதுளா. பயமாவும் இருக்குது. பசிக்குது.”

ஞாபகமே இல்லை. ஒருத்தியைக் கொன்றதுகூட இந்த மனிதனுக்கு நினைவில் வைத்துக்கொள்ளும் அளவுக்கு ஒரு காரியமில்லை. மிருதுளாவின் கை கட்டில் கம்பியை இறுக்கிப் பிடித்தது.

அப்போது கதவைத் திறந்துகொண்டு அவர் மனைவி வினோதா வந்தார். கையில் ஐந்தடுக்குத் தூக்குப் பாத்திரம். அழுது வீங்கிய கண். “ஏனுங்க, முழிச்சிட்டீங்களா?” என்று ஓடிவந்தார்.

“வினோ, பசிக்குது.”

வினோதா அப்படியே நின்றுவிட்டார். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு விம்மினார். “சாமி, ஒன்றரை மாசமாச்சுங்க இந்த வார்த்தையைக் கேட்டு! கேட்டீங்களாம்மா, பசிக்குதுங்கறாரு!” மிருதுளாவைப் பார்த்து ஒரு சிரிப்பு. “லைட்டா ஏதாவது குடுங்கன்னு நேத்து ஒரு நர்ஸ் சொன்னாங்க. அரிசிம்பருப்புதான் பண்ணிட்டு வந்தேன், நெய் கொஞ்சம் தூக்கலா. பாயசமும் இருக்குது.”

அடுக்குகள் ஒவ்வொன்றாகப் பிரிந்தன. நெய் வாசம் அறை முழுவதும் எழுந்தது. மிருதுளா ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. விஷம் வேண்டாம், கத்தி வேண்டாம், பேசவும் வேண்டாம். அவரே கிழித்தெறிந்த பக்கம் அவரைக் கொல்லப் போகிறது. நித்திலா போன அதே வழி, அதே சோறு. இதைவிடப் பொருத்தமான தண்டனையை எந்தக் கோர்ட்டும் எழுதியிருக்காது. கடவுளே கொண்டுவந்து மடியில் போட்டதுபோல இருந்தது. அவள் உதட்டை இறுக மூடிக்கொண்டாள்.

முதல் வாய் உள்ளே போனது. ஆதிநாதன் அழுதார். இரண்டாவது வாய் போனது. நல்லாத் தின்னு, என்று மனசுக்குள் சொன்னாள் மிருதுளா. நல்லா.

வினோதா மூன்றாவது உருண்டையைப் பிடித்தார். நுனிவிரலால் உருட்டி, ஓரத்தை ஒதுக்கி, சூடு பார்க்க ஒருமுறை ஊதினார். முகமெல்லாம் சிரிப்பு. கண்ணீர் மூக்கு நுனியில் தொங்கிக்கொண்டிருந்தது, அதைத் துடைக்கக்கூட மறந்திருந்தார். “இன்னும் ஒரே ஒரு வாய்ங்க” என்றார்.

ஆதிநாதன் சாகட்டும். சாக வேண்டியவர்தான். இந்தப் பெண் என்ன செய்தாள்? நாளை மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ இந்தச் சிரிப்பு என்ன ஆகும் என்று உலகத்திலேயே அதிகமாகத் தெரிந்தவள் மிருதுளாதான். அரை மணி நேரம் முன்புதான் அவளுக்கே தெரிந்தது, அதற்குள் அவள் கை எரிந்துகொண்டிருந்தது. இதை இன்னொருத்திக்குக் கொடுக்க அவளால் முடியவில்லை.

“போடாதீங்க!” என்று பாய்ந்து வினோதாவின் மணிக்கட்டைப் பிடித்தாள். உருண்டை போர்வையில் விழுந்தது. “போடாதீங்கக்கா. செத்துருவாரு.”

“விடுங்க கையை!” வினோதாவின் முகம் மாறியது. “பசிச்ச மனுசனுக்குச் சோறு போடறதைத் தடுக்க நீங்க யாருங்க? ஆபீஸ்ல வேலை பாக்கறவங்கதானே? எம் புருசனுக்கு என்ன குடுக்கோணும்னு எனக்குத் தெரியும்.”

பிடித்த பிடியை விட்டால் மறுபடி ஊட்டிவிடுவார். டாக்டர் வரும்வரை யார் சொன்னாலும் நம்ப மாட்டார். தங்கைக்கு ஊட்டிய அன்றைக்கு மிருதுளாவும் யாருடைய பேச்சையும் கேட்டிருக்க மாட்டாள். நம்ப வைக்க ஒரே ஒரு வழிதான் இருந்தது.

“நான் யாருன்னு கேட்டீங்கல்ல? இவரை இப்படிப் பண்ணினவ நான். கடுக்கனுக்குள்ள எந் தங்கச்சியோட நோயை வெச்சவ நான்தான். இவரு கழட்டிருங்கன்னு கேட்டப்பவும் மாட்டேன்னவ. இவரைக் கொல்லத்தான் வேலைக்கே சேர்ந்தேன். இன்னும் மன்னிக்கல. சாகறவரைக்கும் மன்னிக்க மாட்டேன்.” மூச்சு வாங்கியது. “எந் தங்கச்சியும் பசிக்குதுன்னா. இதே மாதிரி நெய் ஊத்தி, இதே மாதிரி உருட்டி, நான்தான் ஊட்டினேன். நாலாம் நாள் போயிட்டா. போலீஸை அப்புறம் கூப்பிடுங்கக்கா, நான் எங்கயும் போகமாட்டேன். முதல்ல டாக்டரைக் கூப்பிடுங்க.”

கட்டிலில் ஆதிநாதனின் கண்கள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தன. அவருக்குப் புரிந்ததா என்று தெரியவில்லை. அது இப்போது அவளுக்கு முக்கியமாகவும் இல்லை. எட்டி, தலைமாட்டிலிருந்த நர்ஸ் மணியை அழுத்தினாள், விடாமல்.

வினோதா அறைவார் என்று எதிர்பார்த்தாள். அவர் அறையவில்லை. பருக்கை ஒட்டிய தன் விரல்களை விரித்துப் பார்த்துக்கொண்டே நின்றார்.

“ரெண்டு வாய் குடுத்துட்டனே” என்றார், குரலே எழும்பாமல். “உங்க தங்கச்சி எத்தனை வாய் சாப்பிட்டாங்க?”

“எண்ணலீங்கக்கா” என்றாள் மிருதுளா. “நீங்க ரெண்டோட நிறுத்திட்டீங்க.”

வராந்தாவில் ஓடிவரும் காலடிச் சத்தம் கேட்டது. மிருதுளா வினோதாவின் கையை விடாமல், பாத்திரங்களின் மூடிகளை ஒவ்வொன்றாக எடுத்து மூடத் தொடங்கினாள்.